அவங்க கையெழுத்துப் போடுவாங்களா?

விபத்துக்குப் பிறகு, சக்கர நாற்காலியோட நான் ஊருக்குப் போனது இதுதான் முதல் தடவை. சிங்கப்பூரில் பஸ் டிரைவரே இறங்கி வந்து நடுக்கதவுப் பலகையை விரிச்சுப் போடுவார். ஏறி என் இடத்தில் நிப்பேன், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. திரும்பிப் பார்க்காம இருக்கிறது எவ்வளவு பெரிய வசதின்னு ஊரில்தான் தெரிஞ்சது.

சென்னையில் மெட்ரோ நல்லாவே இருக்கு. லிஃப்ட், அகலமான கதவு எல்லாம் உண்டு. வெளியே வந்தா நடைபாதை, அதில் பைக் ஏறாம இருக்க நட்ட இரும்புக் குழாய்கள். பைக் எப்படியோ நுழையுது, நான்தான் நுழைய முடியல. 2024 ஆகஸ்டில் வந்த தாழ்தள பஸ்ஸிலும் ஏறிப் பார்த்தேன். வண்டி ஓரம் கட்டாம நடுரோட்டில் நின்னதால பலகை செங்குத்தா இறங்குச்சு. கண்டக்டர் ரெண்டு பேரைக் கூப்பிட்டுத் தள்ளிவிட்டார். பாவம், அவர் நல்ல மனுஷன்.

மெரினாவில் 2022 நவம்பரில் திறந்த 263 மீட்டர் மரப்பாதை இருக்கே, ரெண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் உடைச்சுப் போட்டது, அதைச் சரி பண்ணியிருக்காங்க. அலைக்குப் பக்கத்தில் போய் நின்னேன். வழியெல்லாம் செல்ஃபி எடுக்கிறவங்களை 'கொஞ்சம் ஒதுங்குங்க'ன்னு கேட்டுக்கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம்.

கும்பகோணம் பக்கம் போனதும் எல்லாம் மாறிப்போச்சு. கோயில் கதை தனி; ரோட்டில் உருண்ட சக்கரம் உள்ளே வரக்கூடாதாம், செருப்புக் கணக்கு.

பேங்க்குக்கு கே.ஒய்.சி. புதுப்பிக்கப் போனேன். வாசலில் ஏழு படி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, மக்கள் வந்துபோகும் பழைய கட்டடங்களில்கூட, விதிகள் வந்து அஞ்சு வருஷத்துக்குள்ள எங்களுக்கு வழி செஞ்சிருக்கணும். விதிகள் வந்தது 2017 ஜூன். 2022-லேயே கெடு முடிஞ்சுபோச்சு. படி அப்படியே இருக்கு.

நான் ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள வாட்ச்மேனும் டீக்கடையில் நின்ன மூணு பேரும் ஓடிவந்து தூக்கிட்டாங்க. என் நாற்காலியின் கைப்பிடி கழற்றி மாட்டுற வகை. ஒருத்தர் அதைப் பிடிச்சு இழுக்க, அது அவர் கையோட வந்துருச்சு. நாலாவது படியில் நான் ஒரு பக்கமாச் சாய்ஞ்சு, 'இறக்குங்க'ன்னு கத்தினேன். "பயப்படாதம்மா, விட்டுர மாட்டோம்"னு சொல்லி மேலே கொண்டுபோயே விட்டாங்க.

உள்ளே கவுன்டரில் இருந்த அம்மா என்னைப் பார்க்கல, பக்கத்தில் நின்ன என் தம்பியைப் பார்த்துக் கேட்டாங்க: "அவங்க கையெழுத்துப் போடுவாங்களா? இல்லைன்னா கைரேகையே வெச்சுக்கலாம்."

இங்க் பேட் மேஜைக்கு வந்தாச்சு. நான் கணக்குத் தணிக்கை வேலை பார்க்கிறேன், ஒரு நாளைக்கு எத்தனை கையெழுத்துப் போடுறேன்னு எனக்கே தெரியாது.

"மேடம், கால்தான் நடக்காது"ன்னேன்.

"அய்யோ, தப்பா நினைச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க சார்." இதையும் தம்பியிடம்தான் சொன்னாங்க.

இறங்கும்போது அதே நாலு பேர் வந்தாங்க. இந்தத் தடவை முந்திக்கிட்டு, "அண்ணே, கைப்பிடி வேண்டாம், கீழே இருக்கிற இந்தக் கம்பியைப் பிடிங்க"ன்னு சொன்னேன். சரியாத்தான் பிடிச்சாங்க. பின்னாலேயே பியூன் வந்து நான் மறந்துட்டு வந்த பாஸ்புக்கை நீட்டினார், தம்பியிடம்.