பெயர் மாற்றி விற்கப்படும் பழைய கிராபிக்ஸ் கார்டுகள்: வாங்குவோர் கவனத்திற்கு

பழைய டெஸ்க்டாப் கணினியில் புதிய கேம்களை விளையாட விரும்புகிறவர்கள், செலவைக் குறைப்பதற்காகப் பயன்படுத்திய கிராபிக்ஸ் கார்டைத் தேடுவது இயல்பு. அந்தத் தேவையைக் குறிவைத்தே ஒரு மோசடி பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. அண்மையில் எனக்கும் அப்படி ஒரு போலிக் கார்டு விற்கப்பட்டது. விற்றவர் சொன்னவற்றையும், கார்டைப் பிரித்தபோது நான் கண்டதையும், பணம் கைமாறுவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்கும் வழிகளையும் இங்கே பதிவு செய்கிறேன்.

என்னுடையது நான்காம் தலைமுறை கோர் ஐ5 பிராசஸர் கொண்ட, அலுவலகப் பயன்பாட்டுக்காகத் தயாரிக்கப்பட்ட கணினி. அதன் பவர் சப்ளையில் கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி மின்கம்பி கிடையாது. இத்தகைய கணினிகளுக்குப் பலரும் பரிந்துரைப்பது, 2016இல் வெளிவந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டைத்தான். மதர்போர்டின் ஸ்லாட் தரக்கூடிய 75 வாட் மின்சாரமே அதற்குப் போதும் என்பதால், பவர் சப்ளையை மாற்ற வேண்டிய செலவு மிச்சமாகிறது. அதற்கு இவ்வளவு தேவை இருப்பதால்தான் போலிகளும் பெரும்பாலும் அந்தப் பெயரிலேயே உலவுகின்றன.

வாங்குவதற்கு முன் விற்பனையாளரிடம் எழுத்துமூலமாகவே கேட்டேன். 4 ஜிபி நினைவகம் கொண்ட அசல் 1050 டிஐ தானா என்ற கேள்விக்கு, "ஒரிஜினல் கார்டுதான் சார், தாராளமாக நம்பி வாங்கலாம்" என்று பதில் வந்தது. வந்த கார்டில் ஆறு முனை மின் இணைப்பு ஒன்று இருந்தது; அதற்கு மின்சாரம் தர, ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா இணைப்பிலிருந்து எடுக்கும் ஒரு மாற்றுக் கம்பியையும் உடன் வைத்திருந்தார். விசாரித்தபோது, கூடுதல் வேகத்தில் இயங்கும் மாடல் என்றார். அசல் 1050 டிஐ கார்டுகளிலும் சில மாடல்களுக்கு அந்த இணைப்பு உண்டு என்பதால், அந்தப் பதில் பொய் என்று உடனே சொல்லிவிட முடியாது. ஆனால் சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் 54 வாட் மட்டுமே தாங்கக்கூடியது. ஆறு முனை இணைப்பு 75 வாட் வரை இழுக்கலாம். இப்படிப்பட்ட கம்பி உருகித் தீப்பிடிக்கும் அபாயம் உள்ளது. ஏமாற்று வேலையைவிட இதுதான் என்னை அதிகம் கோபப்படுத்தியது.

கார்டைப் பொருத்தியதும் விண்டோஸ் அதை 1050 டிஐ என்றே காட்டியது. நினைவகமும் 4 ஜிபி என்றே இருந்தது. பழைய கேம்கள் ஓடின. புதியவற்றில் ஒன்று, வல்கன் (கேம்கள் கிராபிக்ஸ் கார்டை இயக்கப் பயன்படுத்தும் மென்பொருள் இடைமுகம்) ஆதரவு இல்லை என்று சொல்லித் திறக்கவே மறுத்தது. இன்னொன்று திறந்தது, ஆனால் காட்சிகள் கனமாகத் தொடங்கியதும் திரை முழுவதும் வண்ணக் கட்டங்களாகச் சிதறி, கணினி அப்படியே உறைந்துபோனது. விற்றவரிடம் சொன்னதும் முதலில் டிரைவரை, அதாவது கார்டை விண்டோஸுடன் இணைக்கும் மென்பொருளைக் குறைசொன்னார். என்விடியா தளத்திலிருந்து எடுத்த புதிய டிரைவர், பொருத்தமான வன்பொருள் எதுவும் இல்லை என்று கூறி நிறுவ மறுக்கிறது என்றபோது, பிராசஸர் பழையது என்றார். அதன் பிறகு பவர் சப்ளை போதாது என்று சொல்லி, அதையும் தன்னிடமே வாங்கிக்கொள்ளுமாறு கூறினார்.

அப்போதுதான் கிராபிக்ஸ் கார்டின் விவரங்களைக் காட்டும், டெக்பவர்அப் தளம் வெளியிடும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். 2018 முதல் அது போலி என்விடியா கார்டுகளை அடையாளம் காண்கிறது. கார்டின் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் 'ஃபேக்' என்ற சொல்லும், நிறுவனச் சின்னம் இருக்க வேண்டிய இடத்தில் எச்சரிக்கை முக்கோணமும் தெரிந்தன. அந்தத் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, மின்விசிறியையும் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்கையும் கழற்றி, காய்ந்து பொடியாகிப் போயிருந்த வெப்பம் கடத்தும் பசையை மெல்லத் துடைத்தேன். அதன் அடியில் சிப்பின் மேல் ஜிஎஃப்106 என்று பொறிக்கப்பட்டிருந்தது. 1050 டிஐயில் இருக்க வேண்டியது ஜிபி107. எனக்கு விற்கப்பட்டது 2010இல் வெளிவந்த ஜிடிஎஸ் 450. அசல் கார்டில் 768 கோர்கள் (கணக்கிடும் அலகுகள்). இதில் 192 மட்டுமே. நினைவகமும் 1 ஜிபி தான்.

கார்டிலுள்ள பயாஸை (கார்டின் அடிப்படை விவரங்களைச் சொல்லும் உள்மென்பொருள்) மாற்றி எழுதி, அதற்கேற்பத் திருத்திய டிரைவரையும் கொடுத்துவிட்டால், விண்டோஸ் அந்தப் பொய்யான பெயரையும் அளவையும் அப்படியே காட்டும். ஆகவே, விண்டோஸ் காட்டும் பெயரைப் படமெடுத்து அனுப்பினால் அதை ஆதாரமாக ஏற்காதீர்கள். இல்லாத 3 ஜிபியை கேம் தேடிச் செல்லும்போதுதான் திரை சிதறுகிறது. இந்தச் சிப்பின் ஃபெர்மி தலைமுறைக்கு வல்கன் ஆதரவு கிடையாது. அந்தத் தலைமுறைக்கு, கேம்களுக்கான புதிய டிரைவர்களை என்விடியா 2018லேயே நிறுத்திவிட்டது.

வாங்குவதற்கு முன் கார்டில் மானிட்டர் கம்பி செருகும் பக்கத்தைப் படமாகக் கேளுங்கள். பழைய மானிட்டர்களுக்கான நீல நிற விஜிஏ போர்ட் (அனலாக் இணைப்பு) இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம், ஏனெனில் 1050 டிஐ சார்ந்த பாஸ்கல் தலைமுறையில் அனலாக் வெளியீடே கிடையாது. விஜிஏ இல்லை என்பதால் மட்டும் கார்டு அசலாகிவிடாது. கார்டு இயங்கும் நிலையில் ஜிபியு-இசட் திரையையும் கேளுங்கள், அதைக் காட்டத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். ஏஎம்டி கார்டு தேடுவோர் ஆர்எக்ஸ் 580 என்ற பெயரை மட்டும் பார்க்காமல், 2304 கோர்கள் உள்ளதா, 2048 தானா என்று பாருங்கள். பின்னது ஏஎம்டியே வெளியிட்ட கார்டுதான் என்றாலும் ஆர்எக்ஸ் 570 அளவு திறனே கொண்டது. ஜிடி 1030 வாங்குவோருக்கு டிடிஆர்4 நினைவகம் கொண்டதைத் தலையில் கட்டிவிடுவதும் உண்டு. அதன் நினைவக வேகம் ஜிடிடிஆர்5 மாடலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

அதே விற்பனையாளர் கொடுத்த 8 ஜிபி டிடிஆர்3 ரேமும் என் கணினியில் வேலை செய்யவில்லை. சில ஏஎம்டி மதர்போர்டுகளில் மட்டுமே இயங்கும் மலிவு வகை அது. இன்டெல் கணினிக்கு என்று கேட்டு வாங்கியும் அதைத்தான் கொடுத்திருந்தார்.

கார்டைப் பிரித்துவிட்டதால் வாரண்டி செல்லாது என்று சொல்லிக் கையை விரித்துவிட்டார். பிரிப்பதற்கு முன் எடுத்த ஜிபியு-இசட் படத்தையும், அசல் என்று அவர் எழுதிய பதிலையும் இணைத்து, பணம் செலுத்திய வங்கியிடம் முறையிட்டேன். கார்டுக்கான தொகை திரும்பி வந்துவிட்டது. ரேம் குறித்த முறையீடு இன்னும் நிலுவையில் உள்ளது.