பயோபுரொசஸ் முதுமாணி: கொழும்பிலேயே செய்வதா, சென்னைக்கா, ஹம்பேர்க்கா, லண்டனா?

பயோடெக் படிக்கப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளைகள் பலருடைய மனத்தில் இருப்பது வெள்ளைக் கோட்டும், டிஎன்ஏயைப் பிரதியெடுக்கும் பிசிஆர் மெசினும் உள்ள ஆய்வுகூடம்தான். அங்கும் வேலை இருக்கிறது, ஆனால் இன்சுலினையும் தடுப்பூசியையும் தொட்டிக்கணக்கில் வளர்த்து, சுத்திகரித்து, குப்பியில் அடைக்கும் பக்கத்துக்கும் நிறைய ஆள் வேண்டும். அந்தப் பக்கத்துக்கான படிப்பு பயோபுரொசஸ் எஞ்சினியரிங். பட்டம் முடித்து, கொழும்பில் இருந்துகொண்டு அடுத்தது எங்கே என்று பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எந்தப் படிப்பையும் நான் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: மாணவர்கள் தங்கள் கையால் ஓட்டும் பயோரியாக்டர் (கலம் வளர்க்கும் தொட்டி) இருக்கிறதா, அதற்குப் பின்னால் சுத்திகரிப்பு வரிசை இருக்கிறதா? குடுவையில் நன்றாக வளரும் கலம் 2,000 லீற்றர் தொட்டியில் திணறும். 37 பாகை நீரில் காற்றிலிருந்து கரையும் ஒட்சிசன் லீற்றருக்குச் சுமார் 7 மில்லிகிராம் மட்டுமே. அடர்த்தியாக வளர்ந்த ஈ.கோலை பக்டீரியா அதைச் சில செக்கன்களில் தீர்த்துவிடும். வேகமாகக் கலக்கினால் ஒட்சிசன் கூடும், ஆனால் பிறபொருளெதிரி மருந்துகளுக்குப் பயன்படும் சீ.எச்.ஓ. கலங்கள் (ஒரு வகை ஹாம்ஸ்டர் கலம்) நுரையிலும் உடையும் குமிழியிலும் அடிபடும். தொட்டி பெருக்கப் பெருக்கக் கனவளவோடு ஒப்பிடும்போது சுவர்ப் பரப்பு குறைகிறது, வெப்பத்தை வெளியேற்றுவதும் கஷ்டமாகிறது. இதையெல்லாம் சமன்பாடாகப் படிக்கலாம். அதிகாலை இரண்டு மணிக்கு ஒட்சிசன் அளவு சரியும்போது எந்த வால்வைத் திறப்பது என்பதைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் பழகவேண்டும். வளர்த்ததைச் சுத்திகரிப்பதில்தான் செலவின் பெரும்பகுதி போகிறது. பல பாடத்திட்டங்களில் அதற்கு ஒரு ஓரம்தான் கிடைக்கிறது.

சரி, முதலில் வீட்டுக்குப் பக்கத்தில். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிரிரசாயன, மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழில்நுட்ப நிறுவகம் மூலக்கூற்று உயிரியலில் பலமானது. மரபணு வேலைக்கு நல்ல இடம், தொட்டி வேலைக்கு அல்ல. கட்டுபெத்தயில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இரசாயன, செயன்முறைப் பொறியியல் துறை நேர்மாறு. வெப்பப் பரிமாற்றம், திணிவுப் பரிமாற்றம், கட்டுப்பாட்டியல் எல்லாம் அங்கே அசைக்க முடியாத அளவுக்குக் கிடைக்கும். உயிர்க்கலம் பற்றியதை நீங்களே சேர்த்துக்கொள்ளவேண்டும். பேராதனையிலும் அதே பெயரில் ஒரு துறை உண்டு. ஆக, வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் இந்தத் துறையின் இரண்டு பாதிகளும் தனித்தனியாகக் கிடக்கின்றன, ஒட்டவைத்துத் தருவார் இல்லை. இருந்தாலும் உள்ளூரில் படிப்பதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது: முதுமாணிப் படிப்புகள் பலவற்றுக்கு வகுப்பு வார இறுதியில்தான், வேலையை விடவேண்டியதில்லை.

அந்த வேலை எது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பியகமையில் உள்ள பியர் ஆலை ஒரு முழுமையான பயோபுரொசஸ் தொழிற்சாலை. ஈஸ்ட் வளர்ப்பு, நொதித்தல், பிரித்தெடுத்தல், வடிகட்டல், தொட்டியைக் கழற்றாமல் உள்ளேயே கழுவும் முறை எல்லாம் அங்கே தினசரி நடக்கிறது. தயிர், யோகட் ஆலைகளும் அப்படித்தான். கால்நடைத் தடுப்பூசி என்றால் பேராதனையில் உள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. "பியர் கொம்பனியிலயா வேலை?" என்று எங்கள் வீடுகளில் முகம் சுளிப்பார்கள், தெரியும். ஆனால் அங்கே இரண்டு வருடம் உற்பத்திப் பக்கம் நின்றவரின் விண்ணப்பம், ஆய்வுகூடத்தில் மட்டும் நின்றவரின் விண்ணப்பத்தைவிட வெளிநாட்டுத் துறைகளில் கனமாகத் தெரியும் என்றே நினைக்கிறேன்.

அடுத்து இந்தியா. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உயிர்த்தொழில்நுட்ப மையம், சென்னை ஐஐடியின் உயிர்த்தொழில்நுட்பத் துறை, மும்பையில் 1933 இல் தொடங்கிய இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம் என்று நல்ல பெயர்கள் இருக்கின்றன. இரண்டு வருட எம்.டெக். இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாக விண்ணப்பிக்கும் ஐசிசிஆர் (இந்திய அரசின் கலாசார உறவுகள் சபை) புலமைப்பரிசில் கிடைத்தால் செலவு பெரிய பிரச்சினையல்ல. சென்னையென்றால் சாப்பாடும் மொழியும் சிக்கலில்லை. சுற்றியுள்ள தொழில்துறையும் நிஜமானது: பெங்களூரில் 1978 இல் நொதியங்களோடு தொடங்கிய பயோகொன், புனேயில் சீரம் இன்ஸ்டிடியூட், ஹைதராபாத்தில் பாரத் பயோடெக். ஆனால் படித்து முடித்ததும் அந்த வாசல்களில் ஒன்றுக்குள் நுழைவதுதான் கஷ்டம். வேலை விசாவுக்கு இந்தியா வைத்திருக்கும் சம்பள வரம்பு புதிய பட்டதாரிக்கு எட்டாத உயரம். பயிற்சி உண்டு, அந்த நாட்டு வேலை அநேகமாக இல்லை. கலாநிதிப் பட்டத்துக்கு ஏணியாக எடுப்பவருக்கு அது ஒரு குறையே இல்லை.

லண்டன் யூசிஎல் (யுனிவர்சிற்றி கொலிஜ் லண்டன்) இந்தத் துறையின் பழைய வீடுகளில் ஒன்று. உயிரிரசாயனப் பொறியியலுக்கென்றே தனித் துறையும் அதற்குச் சொந்தமான பரிசோதனை ஆலையும் வைத்திருக்கிறார்கள். ஒரே வருடத்தில் முடிந்துவிடும். ஆனால் வெளிநாட்டவர் கட்டணம் 30,000 பவுணுக்கு மேல். படித்தபின் தங்கும் விசா இரண்டு வருடமாக இருந்தது, 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிக்கும் முதுமாணிகளுக்கு 18 மாதம். அந்தக் காலத்துக்குள் விசா ஆதரவு தரும் முதலாளியைப் பிடிக்கவேண்டும். காணியை ஈடுவைத்து இந்தப் பந்தயத்தில் இறங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் கிடைத்தால் கதை வேறு. அதற்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், முடித்ததும் இரண்டு வருடம் நாட்டுக்குத் திரும்பவேண்டும். சீ.எச்.ஓ. தொட்டியை ஓட்டப் பழகியவர் இங்கே வந்து எதை ஓட்டுவது என்ற கேள்வியையும் அப்போதே யோசித்துவைப்பது நல்லது.

அயர்லாந்தின் டப்ளினை லண்டனுக்கு மேலே வைப்பேன். 2011 இல் திறந்த நிபர்ட் என்ற தேசியப் பயிற்சி நிலையம் ஒரு மருந்து ஆலையைப் போலவே கட்டப்பட்டது. அங்குள்ள பல்கலைக்கழகங்கள் அதோடு சேர்ந்து இயங்குகின்றன, சுற்றிவரப் பெரிய உயிர்மருந்து ஆலைகளும் இருக்கின்றன. முதுமாணி முடித்தவர் இரண்டு வருடம் வரை தங்கி வேலை தேடலாம்.

என் தெரிவு ஜேர்மனியின் ஹம்பேர்க். அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இரசாயன, பயோபுரொசஸ் எஞ்சினியரிங் முதுமாணி ஆங்கிலத்திலேயே இருக்கிறது, இரண்டு வருடம். கல்விக் கட்டணம் இல்லை, தவணைக்கு ஒருமுறை கட்டும் சிறு தொகை மட்டும். விசாவுக்காக முடக்கிய கணக்கில் ஒரு வருடச் செலவாக 11,904 யூரோ காட்டவேண்டும் என்பது 2024 இல் வந்த தொகை. விண்ணப்பிக்கும்போது மாறியிருக்கிறதா என்று தூதரகப் பக்கத்தில் பாருங்கள். கட்டணமாகப் போகும் காசு அல்ல இது, மாதாமாதம் நீங்களே எடுத்துச் செலவழிப்பது. வருடத்துக்கு 140 முழுநாள் வேலை செய்யலாம், முடித்தபின் 18 மாதம் வேலை தேடலாம். பயோரியாக்டர் செய்யும் சார்டோரியஸ் கோட்டிங்கனில், பெரிய அளவில் கலம் வளர்க்கும் போரிங்கர் இங்கல்ஹைம் பிபராக்கில்.

இரண்டு முட்டுக்கட்டைகள் உண்டு. ஒன்று, பொறியியல் அடிப்படை கேட்பார்கள். உயர்தரத்தில் பயோ செய்து விஞ்ஞானமாணி எடுத்தவருக்கு இந்தக் கதவு அநேகமாகத் திறக்காது. அவர்கள் டப்ளின் பக்கமோ இந்தியா பக்கமோதான் பார்க்கவேண்டும். மற்றது மொழி. வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் ஆலைத் தளத்தில் பதிவேடுகள் பெரும்பாலும் ஜேர்மனில்தான். கொழும்பு 7 இல் உள்ள கோதே நிறுவனத்தில் விண்ணப்பத்துக்கு முன்பே தொடங்கினால், வேலை தேடும் நேரத்துக்கு பி1 என்ற இடைநிலை மட்டத்தைத் தாண்டலாம்.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிடெக் என்ற பயிற்சி நிலையம் கைப்பழக்கத்தில் இவை எல்லாவற்றையும் மிஞ்சும். புகையிலைக் கம்பனிகள் கட்டிய நட்டஈட்டுப் பணத்தில் 2007 இல் திறந்த இடம், இன்று மருந்து ஆக்கப் பழக்குகிறது! படித்தபின் 36 மாதம் வரை வேலை செய்யலாம். செலவும் இன்றைய விசா நிலைமையும்தான் தடை.

ஆராய்ச்சிதான் ஆசை என்றால் முதுமாணியையே தாண்டிவிடலாம். சிங்கப்பூரின் சிங்கா புலமைப்பரிசில் கலாநிதிப் படிப்புக்குக் கட்டணமும் மாத உதவித்தொகையும் தருகிறது, அரச ஆராய்ச்சி அமைப்பான ஏ-ஸ்டாரின் பயோபுரொசசிங் நிறுவனம் அதே ஊரில். ஆனால் தொட்டிப் பக்கம் வேலைதான் வேண்டும் என்பவருக்கு நாலு வருடம் அதிகம்.