டர்போ அழுத்தம் குறைகிறதா? காற்றழுத்தச் சோதனையா, புகைச் சோதனையா?

பழைய டர்போ கார் மேடேறத் திணறினால் உடனே டர்போவை (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் கருவி) மாற்றிவிடாதீர்கள். முதலில் கசிவைத் தேடுங்கள். குழாய்களில் அழுத்தக் காற்றை ஏற்றிப் பார்ப்பது ஒரு வழி, புகையைச் செலுத்திப் பார்ப்பது இன்னொரு வழி.

செலவு: காற்றழுத்தச் சோதனைக்குக் குழாய் வாயை அடைக்கும் மூடி, அழுத்தமானி, கம்ப்ரசர் போதும். புகைக்கருவி விலை கூடியது.

இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பகுதி) குழாய்கள்: சாதாரணப் புகைக்கருவியில் புகை ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) அழுத்தத்தில்தான் செல்லும். ரப்பர் குழாயின் வெடிப்பு அதற்கெல்லாம் வாய் திறக்காது. 10 பிஎஸ்ஐ காற்றை ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கசிவு இருந்தால் கிளாம்ப் (குழாயை இறுக்கும் பட்டை) ஓரத்தில் நுரை பொங்கும். எஞ்சினின் இயல்பான பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) அளவை மட்டும் தாண்டவே வேண்டாம்.

எக்ஸாஸ்ட்: இங்கே புகைதான். மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து எரிந்த வாயுவைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்த்தொகுதி) விரிசலில் மெல்லிய இழையாகக் கசியும். பக்கத்தில் கரிக்கறையும் படிந்திருக்கும். டர்போவுக்கு முன்னால் கசிந்தால் டர்பைனை (எரிந்த வாயுவால் சுழலும் டர்போவின் சக்கரம்) சுழற்றும் விசையே குறைந்துவிடும்.

முடுக்கும்போது சீறல் கேட்டால் காற்றழுத்தச் சோதனை. குளிர்ந்த எஞ்சினில் ‘டிக் டிக்’ என்று ஒலித்து, சூடானதும் அடங்கினால் புகைச் சோதனை.