ரதவீதி நாட்டுமருந்துக் கடையின் சுக்குமல்லிப் பொடி

திருநெல்வேலி டவுன் ரதவீதியிலுள்ள இந்த நாட்டுமருந்துக் கடையில், மத்தியதரைக்கடல் நாடுகளில் கம்பளித் துணிகளைப் பூச்சி அரிக்காமலிருக்க அலமாரியில் இடும் லாவெண்டர் உலர்பூவும் இப்போது கிடைக்கிறது. மணம் இனிமையானதே என்றாலும், நம் துணிப்பெட்டிக்கு வசம்பும் வெட்டிவேரும் போதும் என்பது என் கருத்து.

கடையின் உண்மையான சிறப்பு சுக்குமல்லிப் பொடிதான். மேல்தோல் சீவிய சுக்கையும், மல்லி, மிளகு, திப்பிலி ஆகியவற்றையும் நம் கண்முன்னே எடைபோட்டு, இளஞ்சூட்டில் வறுத்து, அன்றன்றே இடித்துத் தருவதால், உடன்குடிக் கருப்பட்டியுடன் கொதிக்கவிட்டுக் குடிக்கும்போது காரம் தொண்டையில் உறுத்தாமல் இதமாக இறங்குகிறது. பெரியவர்கள் வற்புறுத்தும் பக்குவம் இதுவே. ஓமமும் சுத்தமாக இருக்கிறது.

வெட்டிவேரில் மட்டும் மண் மிகுதி. பானைத் தண்ணீரில் போடுமுன் நன்றாக அலச வேண்டும். நொச்சியிலையைப் பச்சையாகவும் விற்றால் ஆவி பிடிப்போருக்குப் பேருதவியாக இருக்கும்.