காரைக்குடியில் மூட்டுவாத ஆன்டிபாடி பேக்கேஜ்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

காரைக்குடியில் ரத்தம் எடுத்துச் சென்னை லேபுக்கு அனுப்பும் ஒரு கலெக்‌ஷன் சென்டரின் மூட்டுவாத பேக்கேஜ் இது. ஆர்.ஏ. ஃபாக்டர், ஆன்டி-சிசிபி (இரண்டும் முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆன்டிபாடிகள், அதாவது எதிர்ப்புப் புரதங்கள்; முடக்குவாதம் என்பது நம் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்), ஏ.என்.ஏ. (நம் செல்லின் கருவையே குறிவைக்கும் ஆன்டிபாடி), சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். (இரண்டும் உடம்பில் வீக்கம் இருப்பதைக் காட்டுபவை) ஆகியவற்றோடு ஹீட் ஷாக் புரோட்டீன் ஆன்டிபாடியையும் கூடுதல் காசுக்குச் சேர்க்கச் சொல்கிறார்கள். அந்தக் கடைசி டெஸ்ட் வேண்டாம்.

ஹீட் ஷாக் புரதங்கள் எல்லா செல்லிலும் இருப்பவை. சூடு, கிருமி, வீக்கம் என்று செல்லுக்கு எந்த நெருக்கடி வந்தாலும் கூடுதலாக உற்பத்தியாகி, மற்றப் புரதங்கள் மடிப்புக் குலையாமல் பார்த்துக்கொள்ளும். 60, 70, 90 என்ற எண்கள் கிலோடால்டன் கணக்கில் அவற்றின் எடை. காசநோய்க் கிருமியிடம் உள்ள 65 கிலோடால்டன் புரதம் நம் 60-ஐ ஏறக்குறைய பாதி ஒத்திருக்கும். எலிகளுக்கு மூட்டழற்சி உண்டாக்கும் டி செல்கள் (ஒரு வகை வெள்ளணு) அந்த 65-இல் 180 முதல் 188 வரையிலான அமினோ அமிலப் பகுதியைத்தான் அடையாளம் காண்கின்றன என்று 1988-இல் தெரிந்ததும் ஆராய்ச்சி சூடுபிடித்தது. முடக்குவாதத்திலும், எதிர்ப்பு சக்தி பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் நோயிலும் இந்த ஆன்டிபாடிகள் கிடைத்தது உண்மை. ஆனால் காசநோயிலும், ரத்தக்குழாய் தடிப்பிலும், நோயே இல்லாதவர்களிடமும் அவை கிடைக்கின்றன. மருத்துவச் சங்கங்கள் வகுத்த முடக்குவாதத்துக்கான 2010 வரையறையிலும் லூபஸுக்கான 2019 வரையறையிலும் இதற்கு இடமில்லை. ஆராய்ச்சிக்கு அருமையான பொருள்தான். ஆனால் ரிப்போர்ட்டில் என்ன வந்தாலும் டாக்டர் எழுதும் மருந்து மாறப்போவதில்லை.

ஏ.என்.ஏ. ரிப்போர்ட்டில்தான் பெரிய குறை. 'பாசிட்டிவ்' என்று ஒரே சொல். எலிசா முறையா, ஹெப்-2 என்ற செல்லில் ஒளிரவைத்துப் பார்க்கும் இம்யூனோஃபுளோரசன்ஸ் முறையா என்பது இல்லை. டைட்டர் (சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்தும் பாசிட்டிவ் வருகிறது என்ற அளவு) இல்லை, பேட்டர்னும் (செல்லில் ஒளிரும் வடிவம்) இல்லை. 1:40 அளவில் நல்ல உடம்புக்காரர்களிலேயே பத்தில் மூன்று பேருக்கு பாசிட்டிவ் வரும். 1:160-இல் நூற்றில் ஐந்து பேர். டைட்டர் தெரியாத பாசிட்டிவ் வீட்டாரைப் பயமுறுத்துமே தவிர வேறு பயனில்லை. லூபஸ் வரையறைக்குக் குறைந்தது 1:80 வேண்டும். ஆகவே 'இம்யூனோஃபுளோரசன்ஸ், டைட்டரோடு' என்று பில் போடும்போதே எழுதச் சொல்லுங்கள்.

ஆன்டி-சிசிபி ரிப்போர்ட் ஒழுங்காக இருக்கிறது: எண்ணும், மேல் வரம்பும் கொடுக்கிறார்கள். வரம்பைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால் 2010 கணக்கில் 3 புள்ளி. மொத்தம் 10-க்கு 6 வந்தால் முடக்குவாதம். விடிந்ததும் விரல் மடங்காமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் தவிக்கும் ஆச்சிமார்களுக்கு முதலில் எடுக்க வேண்டியது இதுதான். ஆர்.ஏ. ஃபாக்டர் மட்டும் போதாது; வயதானாலே அது ஏறலாம், ஹெபடைட்டிஸ் சி-யிலும் ஏறும்.

ஊசி போடுபவர்கள் கை தேர்ந்தவர்கள், ஒடுங்கிய நரம்பிலும் ஒரே குத்தில் எடுக்கிறார்கள். ஜெல் ட்யூபில் ரத்தத்தை அரை மணி நேரம் உறையவிட்டு, மெஷினில் சுற்றி, பிரிந்த சீரத்தை ஐஸ் ஜெல் வைத்த பெட்டியில் அனுப்புவதும் சரியான முறை. ஈ.எஸ்.ஆர். ட்யூபையும் அதே பெட்டியில் போட்டு அனுப்புவதுதான் சரியில்லை. சாதாரண அறை வெப்பத்தில் 4 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டிய டெஸ்ட் அது. குளிரில் வைத்தால் கெடு சற்று நீளும் என்றாலும், ராத்திரி பஸ் ஏறிப் போய்ச் சேரும்வரை தள்ளிப்போடாமல் இருப்பதே நல்லது. அதை மட்டும் உள்ளூர் லேபிலேயே பாருங்கள்.

வெறும் வயிறு தேவையில்லை. முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சில மெஷின்களில் அது அளவைக் கோளாறாக்கும். சென்டரில் அதை யாரும் கேட்பதில்லை.