சொலிடேர், ட்ரெவோ, எம்போட்ராப்: ஆய்வக மேசையில் தெரியும் வேறுபாடு

பக்கவாதத்தில் மூளைத் தமனியை அடைத்த ரத்தக்கட்டியை இழுத்தெடுக்கும் ஸ்டென்ட் ரிட்ரீவர்களில் அதிகம் ஒப்பிடப்படுபவை இந்த மூன்றும். மூன்றுமே நைட்டினால் என்ற நிக்கல்-டைட்டானியம் கலவைக் கம்பி வலைகள். வழக்கமான அளவுகள் 0.021 அங்குல மைக்ரோகதீட்டர் (மூளை நாளத்துக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) வழியாகவே போய்விடும். விளக்கக் கையேட்டைப் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாது. மேசையில் இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

சோதனைக்குக் கழுத்துத் தமனி முதல் நடு மூளைத் தமனி வரையிலான சிலிக்கோன் மாதிரி, 37 டிகிரி உப்புநீர், துடிப்போடு ஓட்டும் பம்ப் வேண்டும். கட்டியை ஆட்டு ரத்தத்திலோ பன்றி ரத்தத்திலோ கால்சியம் குளோரைடும் திராம்பினும் சேர்த்து உறையவைக்கலாம். சிவப்பணு மிகுந்த கட்டி மென்மையானது. வலைக்கம்பி சுலபமாக உள்ளே இறங்கும், எந்தக் கருவியும் எடுத்துவிடும்; ஆனால் வழியில் உதிரும். ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உருவாகும் புரத இழை) மிகுந்த கட்டியோ ரப்பர் போல விறைப்பானது, உராய்வும் அதிகம். கம்பி உள்ளே இறங்காமல் அதைச் சுவரோடு அழுத்திக்கொண்டு நிற்கும். இழுத்தால் வலை மட்டும் நழுவி வரும், கட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். மென்கட்டியில் மட்டும் செய்த ஒப்பீட்டை நம்பி எந்தக் கருவியையும் வாங்கக் கூடாது.

வளைவில்தான் வடிவமைப்பின் குணம் வெளிப்படுகிறது. சொலிடேர் நீளவாக்கில் திறந்த, சுருட்டிய தகடு. வளைவில் இழுக்கும்போது குறுகி, பிடித்த கட்டியை நழுவவிடக்கூடும். ட்ரெவோ மூடிய குழாய் வடிவம். மைக்ரோகதீட்டரை வெறுமனே பின்னிழுத்து விரிக்காமல், கம்பியை முன்னோக்கித் தள்ளியபடி விரித்தால் வலைக்கண்கள் அகலமாகத் திறந்து பிடி கூடும். எம்போட்ராப்பின் உள்குழல் ரத்த ஓட்டத்துக்கு வழிவிட, வெளிக்கூண்டின் தனித்தனி இதழ்கள் வளைவிலும் சுவரை விட்டு விலகாமல் நிற்கின்றன. விறைப்பான கட்டிக்கென்றே செய்த நிம்பஸ் என்ற வேறொரு ரிட்ரீவர், அதைத் தன் சுருள் பகுதியில் கவ்வி இழுக்கிறது.

வலையால் இழுக்காமல் கட்டியை வெற்றிடத்தால் உறிஞ்சியெடுக்கும் கதீட்டரும் உண்டு. அதில் கணக்கு எளிது: விசை, உள்விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முழு வெற்றிடத்தில் 0.060 அங்குல வாய்க்கு ஏறக்குறைய 18 கிராம் இழுவிசை, 0.071 அங்குலத்துக்கு 26 கிராம். வாய் கட்டியில் நேராகப் பொருந்தாவிட்டால் இந்த விசை வீண்தான். 2017இல் வெளியான ஆஸ்டர் ஆய்வில் முதலில் உறிஞ்சுவதும் முதலில் ஸ்டென்ட் ரிட்ரீவரால் இழுப்பதும் ரத்த ஓட்டத்தை மீட்பதில் ஏறக்குறைய சமமாகவே வந்தன.

சிதறும் துகள்களை எண்ணாத ஒப்பீடு அரைகுறை. கழுத்துத் தமனியில் வைத்த வழிகாட்டிக் கதீட்டரின் நுனிப் பலூனை ஊதி, ஓட்டத்தை நிறுத்தி, 60 மி.லி. சிரிஞ்சால் உறிஞ்சியபடி இழுத்தால் பெரிய துகள்கள் வெகுவாகக் குறைகின்றன. கருவியை மாற்றுவதைவிடப் பல சமயம் இதுதான் பலன் தருகிறது.

சிலிக்கோனில் ரத்தநாளத்தின் உள்படலம் கிடையாது. வழுவழுப்புத் திரவம் சேர்க்காவிட்டால் உராய்வு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். கட்டி நாளச் சுவரில் ஒட்டிக்கொள்வதோ அறவே தெரியாது. ஆகவே ஓர் ஒப்பீட்டை எடுத்தால் எந்தக் கட்டி, எவ்வளவு வளைவு, பலூன் இருந்ததா, முதல் இழுப்பிலேயே வந்ததா என்ற நான்கையும் பார்த்துவிட்டுத்தான் கருவியின் பெயரைப் பார்க்க வேண்டும்.