ஏற்காட்டில் ஒரு நாள் லெட்டர்பாக்ஸிங்: தாராளமாகப் போகலாம்

ஏற்காட்டில் நாங்கள் தங்கிய ஹோம்ஸ்டேயில் லெட்டர்பாக்ஸிங் நடத்துகிறார்கள், போன ஞாயிறு நானும் மகளும் நாள் முழுக்க அதில்தான் இருந்தோம். டப்பாக்களை ஒளித்து வைத்துவிட்டுத் துப்பு எழுதிய தாளைக் கொடுப்பார்கள்; கண்டுபிடித்தால் உள்ளே இருக்கும் ரப்பர் ஸ்டாம்பை நம் நோட்டில் குத்திக்கொண்டு, நம்முடையதை அங்கிருக்கும் நோட்டில் குத்திவிட்டு, எடுத்த இடத்திலேயே மறைத்து வைக்க வேண்டும். 1854-இல் இங்கிலாந்தின் டார்ட்மூரில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஆரம்பித்து வைத்தது.

துப்புகள் பிரமாதம். “மிளகுக்கொடி ஏறாத சில்வர் ஓக்கிலிருந்து மேட்டுப்பக்கம் 30 எட்டு” என்று ஒன்று. அந்தக் காப்பித் தோட்டத்தில் கொடி ஏறாத மரம் ஒன்றே ஒன்றுதான், அதைத் தேடவே முக்கால் மணி நேரம் ஆனது. குச்சியால் சருகை விலக்கினால் கல் இடுக்கில் பழைய டிபன் பாக்ஸ், உள்ளே காட்டெருமைத் தலை செதுக்கிய ஸ்டாம்ப்! மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தி எடுத்தாள், கொம்பு நுனி வரைக்கும் அப்படியே விழுந்தது, மை காயும் வரை நோட்டை மூடவே விடவில்லை.

ஒரே குறை, இன்னொரு டப்பாவில் மூடி சரியாக இறுகவில்லை. பனியில் நோட்டு ஊறி, முன்னால் வந்தவர்களின் ஸ்டாம்பெல்லாம் கரைந்து கிடந்தது, பார்க்கவே மனசு கஷ்டமாகிவிட்டது. ஜிப் கவரில் போட்டு வைத்தால் போதும், சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும், அதனால் காலையிலேயே கிளம்புங்கள். அப்புறம், செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.